டெங்குவைத் தடுக்கும் பாக்டீரியாவுக்கு இவர் பெயர்... யார் இந்த வோல்பாக்?

மழை சீசனில் கட்டுமாவடி மீன் மார்க்கெட் பக்கம் சாயங்காலம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். காலைச் சுற்றிக் கொசு மொய்க்கும். இருட்டுகிற நேரத்தில் வந்து கடிப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. சாக்கடைத் தண்ணீரில் வளர்வது, யானைக்கால் நோயைப் பரப்புவது. பகலில் கடிப்பது ஏடிஸ். வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில் வளர்வது, டெங்குவைப் பரப்புவது.

இரண்டுக்கும் இன்னொரு வித்தியாசமும் உண்டு. கியூலெக்ஸ் கொசுவின் செல்களுக்குள்ளே ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. ஏடிஸ் எஜிப்தி கொசுவில் அது இயற்கையாகக் கிடையாது. அதை ஏடிஸுக்குள் குடியேற்றினால் டெங்குவைக் குறைக்கலாம் என்பதுதான் இன்றைய திட்டம். அந்த பாக்டீரியாவின் பெயர் வோல்பாக்கியா. அதைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரின் பெயர் அது.

நோய்களைத் தேடிப் போன டாக்டர்

சைமியன் பர்ட் வோல்பாக் 1880-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், கிராண்ட் ஐலண்ட் என்ற ஊரில் பிறந்தார். 1903-ல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் வாங்கினார். கிளினிக் வைத்து நோயாளிகளைப் பார்க்கிற வழியில் அவர் போகவில்லை. நோய் நம் உடம்பின் திசுக்களை என்ன செய்கிறது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் நோயியல் துறையைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனால் லேபிலேயே உட்கார்ந்திருந்தவர் இல்லை. 1911-ல் தூக்க நோயை ஆராய மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவுக்குப் போனார். பிறகு அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில் உண்ணிகளால் பரவிய ஒரு கொடிய காய்ச்சலைக் கையில் எடுத்தார். அந்தக் காய்ச்சலின் கிருமி ரத்தக் குழாய்களின் சுவரில் உள்ள செல்களுக்குள்ளேயே புகுந்து வாழ்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டினார்.

அடுத்து டைபஸ். டைபாய்டு இல்லை, இது வேற நோய். பேன்களால் பரவியது. முதல் உலகப் போருக்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவில் மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. 1920-ல் அதை ஆராய போலந்துக்குப் போன குழுவில் வோல்பாக் முக்கியமானவர். நம்ம ஊரில் மழைக்காலத்தில் பேசப்படும் ஸ்க்ரப் டைபஸ், இந்தக் கிருமிகளின் உறவுக்காரக் கிருமியால் வருவதுதான்.

கொன்ற கிருமிக்கு இறந்தவர்கள் பெயர்

இந்த வேலையில் எவ்வளவு ஆபத்து என்பதைக் கிருமியின் பெயரே சொல்லும். ராக்கி மலைக் காய்ச்சலை ஆராய்ந்த ஹோவர்ட் ரிக்கெட்ஸ், மெக்சிகோவில் டைபஸை ஆராயப் போய் 1910-ல் அதே நோயில் இறந்தார். புரோவாசெக் என்ற விஞ்ஞானியும் 1915-ல் டைபஸால் இறந்தார். டைபஸ் கிருமிக்கு 1916-ல் இவர்கள் இருவரின் நினைவாக ரிக்கெட்சியா புரோவாசெகி என்று பெயர் வைத்தார்கள்.

அப்படிப்பட்ட கிருமிகள் வேறு எந்தெந்தப் பூச்சிகளில் ஒளிந்திருக்கின்றன? இந்தக் கேள்வியோடு வோல்பாக்கும் மார்ஷல் ஹெர்டிக் என்ற இளம் விஞ்ஞானியும் ஹார்வர்டில் விதவிதமான பூச்சிகளை வெட்டிப் பார்த்தார்கள். 1924-ல் வெளியான ஆய்வில், கியூலெக்ஸ் கொசுவின் இனப்பெருக்க உறுப்புகளின் செல்களில் ரிக்கெட்சியா மாதிரியே ஒரு நுண்ணுயிர் இருப்பதைப் பதிவு செய்தார்கள்.

தேடியது ஆளைக் கொல்லும் கிருமியை. கிடைத்ததோ, மனிதனுக்கு எந்த நோயையும் தராத ஒன்று. 12 வருடம் கழித்து, 1936-ல், ஹெர்டிக் அதை முழுமையாக விவரித்து, மூத்தவரின் நினைவு நிற்கும்படி வோல்பாக்கியா என்று பெயரிட்டார்.

அதற்குள் வோல்பாக் வேறு பக்கம் போய்விட்டார். 1922 முதல் 1947 வரை ஹார்வர்டில் நோயியல் பேராசிரியர். வைட்டமின் ஏ, சி குறைந்தால் உடம்பின் திசுக்கள் எப்படி மாறுகின்றன என்ற அவருடைய ஆய்வுகள்தான் அந்தக் காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டன. 1954-ல் காலமானார். தன் பெயரில் உள்ள பாக்டீரியா என்ன செய்யும் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அப்படி என்னதான் செய்யும்?

வோல்பாக்கியா தாயின் முட்டை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும். அதனால் அது தனக்குச் சாதகமாக ஒரு தந்திரம் செய்கிறது. வோல்பாக்கியா உள்ள ஆண் கொசு, அது இல்லாத பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. வோல்பாக்கியா உள்ள பெண் எந்த ஆணோடு சேர்ந்தாலும் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளுக்கும் பாக்டீரியா போகும். சில தலைமுறைகளில் கூட்டம் முழுக்கப் பரவிவிடும். இதற்குக் காரணம் வோல்பாக்கியாதான் என்பது 1971-ல்தான் தெரிந்தது.

ஏடிஸ் கொசுவுக்குள் இருந்தால், டெங்கு வைரஸ் பெருகுவதையும் இது தடுக்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இப்படிப்பட்ட கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-ல் முடிவு வெளியானது.

யானைக்கால் கதை இன்னும் ஆச்சரியம். கும்பகோணம் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் படுத்திய அந்த நோயின் புழுவுக்குள்ளும் வோல்பாக்கியா உண்டு. அங்கே அது புழுவின் கூட்டாளி. டாக்ஸிசைக்ளின் மாத்திரையைச் சில வாரங்கள் கொடுத்தால் முதலில் பாக்டீரியா சாகும். அது இல்லாமல் புழுவால் குட்டி போட முடியாது. மெல்ல மெல்லப் புழுவும் சாகும். (டாக்டர் சொல்லாமல் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.)

நம்ம ஊருக்கு வருமா?

புதுச்சேரியில் உள்ள ஐசிஎம்ஆர் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து முட்டைகளை வாங்கி, உள்ளூர் ஏடிஸ் கொசுக்களோடு கலந்து, வோல்பாக்கியா உள்ள இரண்டு கொசு வகைகளை உருவாக்கியதாக 2022-ல் அறிவித்தது. வெளியே விட அரசின் அனுமதி வேண்டும். அதோடு மக்களின் நம்பிக்கையும் வேண்டும்.

நம்பிக்கை ஏன் முக்கியம்? 1970-களில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து, பொரிக்காத முட்டை என்ற இதே வழியில் கியூலெக்ஸ் கொசுவை ஒழிக்க முயன்றன. திட்டத்துக்கு அமெரிக்கப் பணம் வந்தது. உயிரி ஆயுத ஆராய்ச்சியா என்ற சந்தேகம் பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் கிளம்பியது. 1975-ல் திட்டமே மூடப்பட்டது. ஊர் மக்களிடம் முன்கூட்டியே விளக்காத அறிவியலுக்கு அது ஒரு பாடம்.

இன்றும் கொசுவை வளர்த்து வெளியே விடப்போறாங்களாமே என்று கேட்டால் பயம் வருவது சகஜம். ஆனால் கட்டுமாவடியில் இன்று மாலை உங்களைக் கடித்த கியூலெக்ஸிலும் வோல்பாக்கியா இருந்திருக்கும். 1924-க்கு முன்பிருந்தே அது நம்மோடுதான் இருக்கிறது. அதனால் மனிதருக்கு நோய் வந்ததில்லை.

புதுக் கொசு வரும்வரை பழைய வேலை பாக்கி இருக்கிறது. மொட்டை மாடித் தொட்டியை மூடுங்கள். தண்ணீர் தேங்கிய மீன் பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.