சில வீடுகளைக் கேட்டு நாட்டையே அறிந்தவர்

ஜூன் 29 தேசியப் புள்ளியியல் நாள். அன்று பிறந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ் நினைவாக 2007 முதல் கொண்டாடுகிறோம்.

1893இல் கல்கத்தாவில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்தார். 1915இல் ஊர் திரும்பும் நேரத்தில் உலகப் போரால் பயணம் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் நூலகத்தில் 'பயோமெட்ரிகா' என்ற புள்ளியியல் இதழ் கண்ணில் பட்டது. அதன் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படித்தார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்தபடியே, 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

வங்காளத்தில் சணல் எவ்வளவு நிலத்தில் விளைகிறது? வயல் வயலாக எண்ணினால் செலவு மிக அதிகம். 1937 முதல் அவர் குலுக்கல் முறையில் தேர்ந்த இடங்களை மட்டும் அளந்து மொத்தத்தைக் கணித்தார்.

அதை எப்படி நம்புவது? நூற்றுக்கணக்கான வீடுகள் உள்ள ஒரு வளாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குலுக்கிப் போட்டு 9 வீடுகளின் மின் கட்டணச் சராசரியை எடுக்கிறீர்கள். வேறு 9 வீடுகள் வந்தால் சராசரியும் மாறும். இப்படி வரும் சராசரிகள் எவ்வளவு சிதறும் என்பதே திட்டப் பிழை. வீட்டுக்கு வீடு உள்ள வேறுபாடு, அதாவது திட்ட விலக்கம், 600 ரூபாய் என்றால், அதை 9இன் வர்க்கமூலமான 3ஆல் வகுங்கள்: 200 ரூபாய். இதைப் பாதியாக்க 18 வீடுகள் போதாது, 36 வேண்டும்.

ஆனால் அளப்பவரும் தவறலாம் அல்லவா? அதனால் ஒரே பகுதிக்கு இரு குழுக்களைத் தனித்தனி மாதிரிகளுடன் அனுப்பி, முடிவுகளை ஒப்பிட்டார் மகலனோபிஸ்.

1950இல் அவர் முயற்சியால் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. 1972இல், 79ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள் மறைந்தார்.

அந்த ஆய்வு இன்றும் நம் புதுச்சேரி வீடுகளையும் தேடி வருகிறது. அடுக்குமாடிகளில் கேட்டிலேயே திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு. மாதிரியை எவ்வளவு பெரிதாக்கினாலும், கதவைத் திறக்காதவர்களின் கணக்கு அதில் சேராது. அவர்களின் வரவு செலவு மற்றவர்களுடையதைப் போல இல்லையென்றால், சராசரியே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். திட்டப் பிழை அந்தச் சாய்வைக் காட்டாது.

அடுத்த முறை ஆய்வாளர் வந்தால் அடையாள அட்டையைச் சரிபாருங்கள். பிறகு உட்காரவைத்துப் பதில் சொல்லுங்கள். உங்கள் ஒரு வீடு பல வீடுகளுக்காகப் பேசுகிறது.