மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனான்

கரீபியக் கடலில் பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்குட்பட்ட மார்த்தினிக் தீவில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றலாக, 1925-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20-ஆம் நாள் பிறந்தவர் ஃபிரான்ஸ் ஃபனான். இரண்டாம் உலகப்போரில் பிரான்சின் விடுதலைக்காகப் போரிட்டுக் காயமுற்றார், வீரப்பதக்கமும் பெற்றார். ஆயினும் அப்படைக்குள்ளேயே நிறவேற்றுமை நிலவக் கண்டார். பின்னர் லியோன் நகரில் மருத்துவம் பயின்று, மனநோய் மருத்துவத்தைத் தம் துறையாகக் கொண்டார். நிற இழிவு மனிதனின் உள்ளத்தை அரிப்பதை ஆராய்ந்து, 1952-இல் ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ என்னும் நூலை வெளியிட்டபோது அவர் முப்பது அகவையைக்கூட எட்டவில்லை.

1953-இல் அல்ஜீரியாவின் பிளிடா மனநோய் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் மூளைத்திறன் குறைந்தவர், இயல்பிலேயே வன்முறையாளர் என்று அந்துவான் போரோ என்னும் பேராசிரியரும் அவர் வழிவந்தோரும் அந்நாட்டில் கற்பித்து வந்தனர். ஒரு கூட்டத்தாரைப் பிறப்பினாலேயே தாழ்ந்தவர் எனக் கூறும் சாத்திரம் நமக்குப் புதிதன்று. அங்கே அது மருத்துவ நூலாக வந்தது.

ஃபனானின் பொறுப்பில் ஐரோப்பியப் பெண்களும் முஸ்லிம் ஆண்களும் தனித்தனிப் பிரிவுகளில் இருந்தனர். நோயாளிகளுக்குச் சமூக வாழ்வை மீட்டளிப்பதே மருந்து என்பது, பிரான்சில் தோஸ்கெல் என்னும் மருத்துவரிடம் அவர் கற்ற பாடம். அதன்படி கூட்டங்கள், திரைப்படம், விழாக்கள், பின்னல் வேலை, நோயாளிகளே நடத்தும் இதழ் ஆகியவற்றை ஏற்படுத்தினார். பெண்கள் பிரிவு விரைவில் உயிர்பெற்றது. ஆண்கள் பிரிவிலோ எவரும் அசையவில்லை.

போரோவின் மாணவராயின் பழியை நோயாளிகள்மேல் போட்டுவிட்டு உறங்கியிருப்பார். ஃபனான் பழியைத் தம்மேல் ஏற்றார். உடன் உழைத்த இளம் மருத்துவர் அசுலேயுடன் சேர்ந்து 1954-இல் அத்தோல்வியை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார். எழுத்தறியாதவர்க்கு இதழ் எதற்கு? பெண்டிர் தொழிலென்று தாம் கருதியதை ஆடவர் எங்ஙனம் செய்வர்? மொழிபெயர்ப்பாளரையோ அம்மக்கள் நீதிமன்றத்திலும் அரசு அலுவலகத்திலும்தான் கண்டிருந்தனர். அவர் வழியே மனத்துயரைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஐரோப்பியரின் வாழ்க்கையையே மனித வாழ்க்கையின் அளவுகோலாகக் கொண்டது தம் பிழையென உணர்ந்தார். அதன்பின் அம்மக்கள் பழகிய முறையில் காப்பிக்கடை திறக்கப்பட்டது. முஸ்லிம் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. கதைசொல்லி வரவழைக்கப்பட்டார். உழவர்கள் கையில் மண்வெட்டி வந்தது.

1954 நவம்பரில் விடுதலைப் போர் மூண்டது. சித்திரவதைக்குள்ளானோரும், சித்திரவதை செய்து உறக்கமிழந்த காவலரும் அவரிடமே மருத்துவத்திற்கு வந்தனர். மக்களைத் தம் மண்ணிலேயே அந்நியராக்கும் ஆட்சியின் கீழ் மனநோய் தீர்க்க முயல்வது வீணென்று 1956-இன் இறுதியில் பதவி துறந்தார்; அரசு அவரை நாடு கடத்தியது. துனிஸ் நகரில், நோயாளிகள் மாலையில் வீடு திரும்பும் பகல்நேர மருத்துவமனையை நடத்தினார். விடுதலை இயக்கத்திற்கும் உழைத்தார்.

அவருடைய இறுதி நூலில் வன்முறையைப் பற்றிய பகுதியையே பலரும் பேசுவர். அதன் கடைசி இயல் நோயாளிகளின் வரலாறு என்பதை அறிந்தோர் சிலரே. அந்நூல் வெளிவந்த சின்னாட்களில், 1961 டிசம்பர் 6-ஆம் நாள், இரத்தப் புற்றுநோயால் அமெரிக்காவில் மறைந்தார், அகவை முப்பத்தாறு. உடல் அல்ஜீரிய மண்ணில் அடக்கஞ் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் அந்நாடு விடுதலை பெற்றது. பிளிடா மருத்துவமனைக்குப் பின்னர் அவர் பெயரே சூட்டப்பட்டது.