தந்தப் பிடி போட்ட இரண்டு ரிவால்வர்கள்

1965-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பத்திரிகை படித்த எல்லோருக்கும் ஒரு பெயர் மனப்பாடம் ஆகிவிட்டது. பாட்டன் டாங்கி! பஞ்சாபில் கேம்கரன் பக்கம், அஸல் உத்தர் என்ற ஊர் அருகே, பாகிஸ்தான் கொண்டு வந்த அந்த அமெரிக்க டாங்கிகளை நம் ஜவான்கள் மறித்து நொறுக்கினார்கள். ஜீப்பில் பொருத்திய பீரங்கியுடன் எதிர்த்து நின்று உயிரைக் கொடுத்த ஹவில்தார் அப்துல் ஹமீதுக்கு பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. பிடிபட்ட டாங்கிகளை வரிசையாக நிறுத்தி வைத்த இடத்துக்குப் பாட்டன் நகர் என்றே பெயர் வந்தது.

இந்தப் பாட்டன், பேரப் பிள்ளைகளின் பாட்டன் அல்ல. ஜார்ஜ் ஸ்மித் பாட்டன் என்ற அமெரிக்கத் தளபதி. இரண்டாவது உலகப் போரில் ஜெர்மானியரைக் கதிகலங்க வைத்தவர். டாங்கிப் படைக்குப் பேர் போனவர் என்றாலும், அவரைப் படத்தில் பார்த்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது டாங்கி அல்ல. அவருடைய இடுப்பில் வெள்ளை வெளேர் என்று தெரியும் கைத்துப்பாக்கிகள்தான்.

அந்தத் துப்பாக்கிகளை அவர் கண்ணில் பட்டதும் வாங்கிவிடவில்லை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு காரணம் உண்டு. ஒரு காரணத்தில் இரத்தமும் உண்டு.

கலிபோர்னியாவில் 1885-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி பிறந்தவர் பாட்டன். அவருடைய தாத்தா அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னாட்டுப் படையில் கர்னலாக இருந்து, 1864-ல் போர்க்களத்தில் காயம்பட்டு இறந்தவர். பையனுக்கு 11 வயது வரை பள்ளிக்கூடம் கிடையாது. தகப்பனாரும் அத்தையும் படித்துக் காட்டிய வீரர் கதைகளைக் கேட்டே வளர்ந்தார். எழுத்துப் பிழை அவரைக் கடைசி வரை விடவில்லை. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் கணக்கில் தவறி, முதல் வருஷப் படிப்பை இரண்டு தடவை படித்தார். 1909-ல் வெளியே வந்து குதிரைப்படையில் சேர்ந்தார். அடுத்த வருஷம் பியாட்ரிஸ் என்ற செல்வச் சீமான் மகளைக் கைப்பிடித்தார். சாதாரண லெப்டினென்ட் சம்பளத்தில் போலோ குதிரைகளும் விலை உயர்ந்த துப்பாக்கிகளும் வாங்க முடியுமா? பாட்டன் வாங்கினார் என்றால், இரு வீட்டுச் செல்வமும் துணை நின்றது.

ஓட்டையில் புகுந்த குண்டு

1912-ல் ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. துப்பாக்கி சுடுதல், நீச்சல், கத்திச்சண்டை, குதிரைச் சவாரி, ஓட்டம் ஆகிய ஐந்தும் சேர்ந்த புதிய பந்தயம் ஒன்று அந்த ஆண்டுதான் அறிமுகமாயிற்று. பாட்டன் அதில் கலந்து கொண்டார்.

மற்றவர்களில் பெரும்பாலோர் இலக்குப் பயிற்சிக்கென்றே செய்த சின்ன வாய்த் துப்பாக்கிகளைக் கொண்டு வந்திருந்தனர். பாட்டன் எடுத்ததோ பட்டாளத்து ரகத்தைச் சேர்ந்த .38 ரிவால்வர். போர்வீரனுக்கு நடத்தும் போட்டி என்றால் போரில் பிடிக்கும் ஆயுதத்தைத்தானே பிடிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வினை அங்கேதான் வந்தது. அவர் சுட்ட குண்டுகள் நெருக்கமாக விழுந்தன. ஆனால் எண்ணிப் பார்த்தால் ஓட்டை குறைந்தது. இலக்கைத் தொடவே இல்லை என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். முதலில் விழுந்த பெரிய ஓட்டையின் வழியாகவே பின்னால் வந்த குண்டும் போயிருக்க வேண்டும் என்பது பாட்டன் கட்சியின் வாதம். அந்தக் காலத்தில் அதைச் சரிபார்க்க வழி கிடையாது. துப்பாக்கி சுடுவதில் இருபதாவது இடத்தை ஒட்டிப் பின்தங்கினார். அப்படியும் மொத்தத்தில் ஐந்தாவதாக வந்துவிட்டார். முதல் நான்கு பேரும் ஸ்வீடன் நாட்டவர்! சின்னத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்திருந்தால் பதக்கமே கிடைத்திருக்கும் என்று வாதாடுவோர் உண்டு. இருக்கலாம். அப்படி எடுத்திருந்தால் அவர் பாட்டனாக இருந்திருக்க மாட்டார்.

பழைய துப்பாக்கிக்குப் புது மோகம்

1915-ல் டெக்ஸாஸ் எல்லைப்புறத்துக்கு அவர் மாற்றப்பட்டார். மெக்ஸிகோவில் புரட்சி கொழுந்து விட்டு எரிந்த நேரம் அது. அமெரிக்க ராணுவம் 1911-ம் ஆண்டிலிருந்தே .45 தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்து வந்தது. ஏழு தோட்டாக்கள் அடங்கிய பெட்டியைப் பிடிக்குள் தள்ளினால் போதும். சுடச் சுட அடுத்த தோட்டா தானாக வந்து நிற்கும். அந்தக் காலத்துக்கு அதிசயமான கருவி.

பாட்டன் அதன் விசையை இன்னும் இலேசாக்க நினைத்து, உள்ளே கை வைத்தார். ஒருநாள் மதுக்கடை ஒன்றில், இடுப்பில் செருகியிருந்த அந்தத் துப்பாக்கி தானாகவே வெடித்துவிட்டதாம். காயம் இல்லாமல் தப்பினார் என்று சொல்வார்கள். கருவியைக் கெடுத்தது அவர் கைதான். ஆனால் கோபம் கருவியின் மேல் போயிற்று. தானியங்கித் துப்பாக்கி மீது அவருக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது.

1916-ம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் எல் பாஸோ நகரில் உள்ள ஒரு ஆயுதக் கடை மூலம் அவர் வாங்கியது கோல்ட் கம்பெனியின் .45 ரிவால்வர். 1873-ல் வெளிவந்த மாதிரி! அதாவது, அவரைவிட 12 வயது மூத்தது. அதற்குச் சமாதானம் செய்பவன் என்று அமெரிக்கர் செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். எத்தனை பேரை அது நிரந்தர சமாதானத்துக்கு அனுப்பியது என்பது வேறு விஷயம்.

பாட்டன் வாங்கியது சாதாரண ரகமும் அல்ல. வெள்ளிபோல் பளபளக்கும் மேனி. உடம்பு முழுவதும் கொடி வேலைப்பாடு. யானைத் தந்தத்தில் பிடி. பிடியின் ஒரு பக்கம் கழுகு. மறுபக்கம் அவர் பெயரின் முதல் எழுத்துக்கள்.

இந்த ரிவால்வரில் ஒவ்வொரு தடவையும் பின்புறக் கொக்கியைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டுத்தான் சுட வேண்டும். உருளையில் ஆறு குழிகள் உண்டு. கொக்கி நிற்கும் இடத்தில் தோட்டா இருந்தால், கீழே விழுந்தாலும் வெடித்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஐந்தோடு நிறுத்திக் கொள்வார்கள். தீர்ந்து போனால் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, வெற்றுக் குப்பிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, புதுத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எதிரி அதுவரை காத்திருப்பானா?

சோளம் வாங்கப் போன இடத்தில்

அந்தக் கேள்விக்கு இரண்டே மாதத்தில் விடை கிடைத்தது.

1916 மார்ச் 9-ந் தேதி மெக்ஸிகோ புரட்சித் தலைவர் பான்ச்சோ வில்லாவின் ஆட்கள் எல்லை தாண்டி வந்து கொலம்பஸ் என்ற அமெரிக்க ஊரைத் தாக்கினர். அவரைப் பிடிக்க ஜெனரல் பெர்ஷிங் தலைமையில் படை புறப்பட்டது. பாட்டன் எப்படியோ மன்றாடி பெர்ஷிங்கின் உதவியாளராக ஒட்டிக் கொண்டார்.

மே 14-ந் தேதி குதிரைகளுக்குச் சோளம் வாங்கி வரும்படி அவரை அனுப்பினார்கள். மூன்று டாட்ஜ் கார்கள். சுமார் பத்து ஆட்கள். சோளம் வாங்கியதோடு திரும்பியிருக்கலாம். பாட்டன் திரும்பவில்லை. வில்லாவின் மெய்காப்பாளர்களில் ஒருவரான ஜூலியோ கார்டினாஸ் பக்கத்துப் பண்ணையில் இருக்கக்கூடும் என்று அவருக்குச் சந்தேகம். கார்களை நேரே அங்கு விட்டார்.

வாசலை நெருங்கியதும் மூன்று பேர் குதிரைகளில் பாய்ந்து வந்தார்கள். துப்பாக்கிகள் முழங்கின. பாட்டன் தந்தப் பிடி ரிவால்வரால் சுட்டார். சீக்கிரமே தோட்டா தீர்ந்தது! மண்சுவர் ஓரமாக ஒதுங்கி ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினார். தலைக்கு மேலே சுவரில் குண்டுகள் பட்டு மண் உதிர்ந்தது. மறுபடி தெருவுக்கு வந்தபோது ஒருவன் குதிரையில் தப்பிக்கப் பார்த்தான். ஆளைச் சுடுவதைவிடக் குதிரையைச் சுடுவது மேல் என்று டெக்ஸாஸ் போலீஸ்காரர் ஒருவர் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. குதிரை விழுந்தது. எழுந்து நின்ற ஆளையும் பலபேர் சேர்ந்து சுட்டு வீழ்த்தினார்கள்.

மூன்று பேரும் மாண்டனர். அவர்களில் ஒருவர் கார்டினாஸ்தான். பிணங்களைக் கார்களின் முன்பக்கம் கட்டி வைத்து முகாமுக்குக் கொண்டு வந்தார்கள். வேட்டையாடிய மான்களைக் கட்டுவதுபோல் மனிதரைக் கட்டிய அந்தக் காட்சி அருவருப்பானதுதான். அமெரிக்காவில் பத்திரிகைகளோ பாட்டனை வீரர் என்று கொண்டாடின. கார்டினாஸின் வாளையும், வெள்ளி வேலைப்பாடு செய்த சேணத்தையும் அவரே வைத்துக் கொள்ள பெர்ஷிங் அனுமதித்தார். அமெரிக்க ராணுவம் மோட்டார் காரில் போய் நடத்திய முதல் சண்டை என்று இதைச் சொல்வதுண்டு.

பாட்டன் தம் ரிவால்வரின் தந்தப் பிடியில் இரண்டு வெட்டுக்கள் போட்டுக் கொண்டார். தலைக்கு ஒரு வெட்டு. மற்றவர்களும் சுட்ட அந்தக் களேபரத்தில் எந்தக் குண்டு யார் உயிரைக் குடித்தது என்று யாருக்குத் தெரியும்? இனிமேல் ஒரு துப்பாக்கியோடு போகக் கூடாது என்ற முடிவும் அந்த மண்சுவர் ஓரத்தில் பிறந்ததுதான்.

ஐம்பது வயதில் ஒரு ஆசை

முதல் உலகப் போரில் பிரான்ஸ் சென்று டாங்கிப் படையை நடத்தினார். 1918 செப்டம்பர் 26-ந் தேதி தொடையில் குண்டு பாய்ந்தது. பிழைத்தார். அதன் பிறகு பதினேழு வருஷம் போலோ ஆட்டமும், அணிவகுப்பும், விருந்துமாகக் கழிந்தது. 1935-ல் ஹவாய்த் தீவுக்கு மாற்றலானபோது, மனைவியோடும் நண்பர்களோடும் சொந்தப் பாய்மரக் கப்பலிலேயே பசிபிக் கடலைக் கடந்து போய்ச் சேர்ந்தார். வயது 50 ஆகப் போகிறது. இன்னொரு போர் வருமா, வந்தாலும் தமக்கு இடம் இருக்குமா என்ற ஏக்கம் அவரை வாட்டியது.

அந்த வருஷம்தான் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி .357 மாக்னம் ரிவால்வரை வெளியிட்டது. அன்றைக்கு உலகிலேயே சக்தி மிகுந்த கைத்துப்பாக்கி அதுதான். கடையில் அடுக்கி வைத்து விற்கும் சரக்கு அல்ல. குழல் நீளம் எவ்வளவு, பிடி எப்படி என்று கேட்டு, ஆளுக்குத் தகுந்தபடி செய்து, பதிவு எண்ணோடு அனுப்புவார்கள். விலை 60 டாலர். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில் அது பெரிய தொகை.

பாட்டன் மூன்றரை அங்குலக் குட்டைக் குழலைக் கேட்டு வாங்கினார். இதில் உருளை பக்கவாட்டில் சாய்ந்து கொடுக்கும். ஒரே தள்ளில் ஆறு குப்பிகளும் வெளியே விழும். ஆறு குழியிலும் பயமின்றித் தோட்டா போடலாம். மண்சுவர் ஓரம் கற்ற பாடத்துக்கு ஏற்ற கருவி. பிறகு இதற்கும் தந்தப் பிடி போட்டு முதல் எழுத்துக்களைப் பொறிக்கச் செய்தார்.

படங்களில் பார்ப்போர் அவை இரட்டைத் துப்பாக்கி என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒன்று கோல்ட், மற்றது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். கம்பெனி வேறு, தோட்டா வேறு. இரண்டையும் சேர்த்து மாட்டிய நாட்கள் சொற்பம். ஒன்றை மட்டும் கட்டிய நாட்களே அதிகம். பிடி முத்துச்சிப்பி என்று யாராவது எழுதிவிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக் கொண்டு வரும். முத்துச்சிப்பிப் பிடியை நியூ ஆர்லியன்ஸ் நகரில் இன்ன தொழில் செய்பவன்தான் வைத்திருப்பான் என்பார். அந்தத் தொழில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எழுதத் தக்கதல்ல.

தானியங்கி மேல் இருந்த வெறுப்பும் நிலைக்கவில்லை. ஜெனரல் ஆன பிறகு, சட்டைக்குள் அடங்கும் சின்னத் தானியங்கித் துப்பாக்கியையும் வைத்துக் கொண்டார்.

கப்பலில் தப்பியது

1942 நவம்பர் 8-ந் தேதி. மொராக்கோ கடற்கரை. அகஸ்டா என்ற போர்க்கப்பலில் பாட்டன் நிற்கிறார். கரைக்குப் போக வேண்டிய படகு கப்பலின் பக்கவாட்டில் தொங்குகிறது. அவருடைய சாமான்கள் எல்லாம் அதில் ஏற்றியாகிவிட்டது. திடீரென்று துப்பாக்கிகளின் நினைவு வந்தது. ஏவலாளான சார்ஜண்ட் மீக்ஸை அழைத்து அவற்றை மட்டும் எடுத்து வரச் சொன்னார். எடுத்து வந்த சற்று நேரத்தில், பிரெஞ்சுக் கப்பல்களை நோக்கி அகஸ்டாவின் பீரங்கிகள் முழங்கின. அந்த அதிர்ச்சியிலேயே படகு சிதறிப் போயிற்று! சாமான்கள் போயின. தந்தப் பிடிகள் தப்பின.

பாட்டனின் குரல் கீச்சுக் குரல். போர்வீரன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று பழகியவர். சிப்பாய்க்குத் தன் தளபதி தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. பளபளக்கும் தொப்பி, உயர்ந்த பூட்ஸ், வெள்ளைப் பிடி எல்லாம் அதற்காகவே. எதிரியைச் சுட அல்ல, சொந்தப் பட்டாளத்துக்குத் தைரியம் ஊட்டவே அந்தத் துப்பாக்கி.

அதே துப்பாக்கி ஒருநாள் சொந்தச் சிப்பாயின் பக்கமே திரும்பியது. 1943 ஆகஸ்டில், சிசிலித் தீவில், ராணுவ ஆஸ்பத்திரிகளைப் பார்வையிட்டார். குண்டுக் காயம் இல்லாமல், போரின் அதிர்ச்சியால் நரம்பு தளர்ந்து படுத்திருந்த இருவரைக் கோழைகள் என்று ஏசி அறைந்தார். 3-ந் தேதி அறை வாங்கிய சிப்பாய்க்கு மலேரியாவும் இருந்தது பிற்பாடு தெரிந்தது. 10-ந் தேதி நடந்ததில் ரிவால்வரையே உருவிவிட்டார். சுடவில்லை. ஆனால் டாக்டர்களும் நர்ஸுகளும் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

ஐசனோவர் கண்டித்துக் கடிதம் எழுதினார். அந்தச் சிப்பாய்களிடமும் ஆஸ்பத்திரிக்காரர்களிடமும் மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. நவம்பரில் விஷயம் அமெரிக்கா முழுவதும் பரவி, வேலையை விட்டே நீக்க வேண்டும் என்ற கூச்சல் எழுந்தது. 1944 ஆகஸ்ட் வரை போர்க்களத்தில் அவருக்குப் படை கிடையாது. நார்மண்டிப் படையெடுப்பை அவர் நடத்தவில்லை. இல்லாத படை ஒன்றின் தளபதியாக இங்கிலாந்தில் நிறுத்தி, ஜெர்மானியரை ஏமாற்ற அவருடைய பெயரைப் பயன்படுத்திக் கொண்டார்கள்.

பிறகு மூன்றாவது படைக்குத் தலைவராகி பிரான்ஸ் வழியாகப் பாய்ந்ததும், 1944 டிசம்பரில் கடும் பனியில் படையை வடக்கே திருப்பி பாஸ்டோன் முற்றுகையை உடைத்ததும் எல்லோரும் அறிந்தவை.

போர் முடிந்த அதே ஆண்டு, 1945 டிசம்பர் 9-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் அமெரிக்காவுக்கு விமானம் ஏற வேண்டியவர், ஜெர்மனியில் மான்ஹைம் அருகே பறவை வேட்டைக்குக் காரில் போய்க் கொண்டிருந்தார். ராணுவ லாரி ஒன்று குறுக்கே திரும்பியது. மோதல் பெரிதல்ல. கூட இருந்தவர்களுக்கு இலேசான காயமே. பாட்டனுக்குக் கழுத்தெலும்பு முறிந்து உடம்பு அசைவற்றுப் போயிற்று. டிசம்பர் 21-ந் தேதி ஹைடல்பர்க் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. லக்ஸம்பர்கில், தம் படை வீரர்களின் கல்லறைகளுக்கு இடையே புதைக்கப்பட்டார்.

ரிவால்வர்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. கெண்டக்கி மாகாணத்தில், போர்ட் நாக்ஸ் ராணுவ முகாமில் அவர் பெயரால் அமைந்த காட்சிசாலையில் கண்ணாடிக்குள் வைத்தார்கள். கோல்ட் ரிவால்வரின் தந்தம் வயதால் மஞ்சள் ஏறிவிட்டது. அதில் அந்த இரண்டு வெட்டுக்களும் அப்படியே இருக்கின்றன.