வடகோடியில் ஒரு மரக்கட்டை

யூரேசிய நிலப்பரப்பின் வடகோடி டைமிர் தீபகற்பத்தின் நுனியில், 77 பாகை 43 கலை அட்சரேகையில் இருக்கிறது. வரைபடத்தில் அதன் பெயர் செல்யுஸ்கின் முனை. அப்பெயருக்குரிய செம்யோன் செல்யுஸ்கினை நான் மதிப்பது அவர் அங்கே சென்றதற்காக மட்டுமன்று. சென்றதைப் பதிந்துவைத்த விதத்துக்காகவும்தான்.

ருஷ்யாவின் மாபெரும் வடதிசைப் பயணத்தில் அவர் தலைவர் அல்லர்; ‘யாகூத்ஸ்க்’ கப்பலில் திசையும் தொலைவும் கணிக்கும் மாலுமி. 1735இல் லேனா ஆற்றின் வழியே புறப்பட்ட அக்கப்பலின் தலைவர் வசீலி புரோன்சிஷ்செவ், மறு ஆண்டு பனிக்கட்டிகளால் தடுக்கப்பட்டுத் திரும்பும்போது இறந்தார். உடன் வந்திருந்த மனைவியும் சில நாட்களில் மறைந்தார். இருவரும் ஓலெனியோக் ஆற்றின் முகத்துவாரத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். கப்பலின் பொறுப்பு செல்யுஸ்கினிடம் வந்தது. அடுத்த தலைவர் காரித்தோன் லாப்டெவின் காலத்தில், 1740இல், பனி அக்கப்பலையே நொறுக்கியது.

அதன்பின் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளில் சென்று கரையை அளந்தார்கள். 1742 மே மாதம் செல்யுஸ்கின் படைவீரர் சிலருடன் வடகோடியை அடைந்தார். மரமே வளராத அவ்விடத்தில், கூடவே சுமந்துவந்த ஒரு கட்டையை அடையாளமாக நட்டார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் தங்கினார். கிழக்கு-வடக்கு முனை என்று பெயரிட்டார். அரசியின் பெயர் இல்லை, அமைச்சரின் பெயர் இல்லை, தம் பெயரும் இல்லை; வெறும் திசை. இதைப் பணிவு என்று போற்ற எனக்குத் தோன்றவில்லை. அளப்பவனின் தொழிற்பழக்கம் அது.

அந்தச் சுருக்கமே பின்னர் அவருக்கு எதிராயிற்று. வெறுத்துப்போன பணியை முடித்துக்கொள்வதற்காக, எட்டாத இடத்தை எட்டியதாக அவர் எழுதிவிட்டார் என்று 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் சிலர் ஐயுற்றனர். 1764இலேயே மறைந்துவிட்டவர் என்ன மறுமொழி கூற முடியும்? அவருக்காகப் பேச அவருடைய பயண நாட்குறிப்பு மட்டுமே இருந்தது. 1840களில் டைமிரை ஆராய்ந்த அலெக்சாந்தர் மிட்டெண்டார்ஃப் அதை நம்பினார். நூறாண்டு கழிந்து முனைக்குச் செல்யுஸ்கினின் பெயர் வந்தது அவரால்தான். அங்கே முதல் கப்பல் சென்றதோ 1878 ஆகஸ்டில்: நோர்டென்ஷியோல்டின் ‘வேகா’.

புரோன்சிஷ்செவின் மனைவிக்கு இந்த நியாயம் முழுதாகக் கிட்டவில்லை. டைமிரின் கிழக்குக் கரையில் ஒரு விரிகுடா மரியா புரோன்சிஷ்சேவா என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் பெயர் தத்யானா. முனை என்பதற்கான ருஷ்யச் சொல்லின் முதலெழுத்தை யாரோ மரியா என்று விரித்துவிட்டனர் என்பர். ஆவணங்களிலிருந்து 1980களில் சரியான பெயர் வெளிவந்தது. வரைபடத்தில் அவர் இன்னும் மரியாதான்.