காகிதத்தில் காலடிகள்

ஓவியன் மறைந்தாலும் ஓவியம் நிற்கும். கவிஞன் மறைந்தாலும் கவிதை வாழும். நடனமோ ஆடி முடித்த மறுகணமே காற்றில் கரைந்துவிடும். அந்த நடனத்தையும் ஏட்டில் எழுதி வைக்க வழி கண்டவர் பியேர் போஷான் என்னும் பிரெஞ்சுக் கலைஞர்.

இவர் 1631-ஆம் ஆண்டு வெர்சாயில், வயலின் இசைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். மன்னரே மேடையேறி ஆடிய காலம் அது. அந்த மன்னர் பதினான்காம் லூயிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நடனம் கற்பித்தவர் போஷான். 1661-இல் மோலியேரின் நாடகத்திற்கு நடனம் அமைத்தார். பின்னர்ப் பாரிஸ் இசை நாடக அரங்கின் நடன ஆசிரியரானார். புறாக்களுக்குத் தானியம் தூவி, அவை கூடிக் கலையும் அழகைப் பார்த்தே நடனம் அமைத்தார் என்று ஒரு கதையும் உண்டு!

தோழியரே, அக்காலத்தில் அந்த அரங்கில் பெண் வேடத்தையும் ஆண்களே ஆடினர். 1681-இல், போஷான் நடன ஆசிரியராக இருந்தபோதுதான், முதன்முதலாகப் பெண் கலைஞர்கள் அங்கு ஆடினார்கள்.

பாரிசில் சேசு சபைக் குருக்கள் நடத்திய கல்லூரியிலும் இவர் பணியாற்றினார். அங்கே பரிசளிப்பு விழாவில் மாணவர்கள் இலத்தீன் நாடகம் நடிப்பார்கள். இடையிடையே வரும் நடனங்களைப் போஷான் அமைத்துக் கொடுத்தார். அரசருக்குக் கற்பித்தவர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்பித்தார்!

நடனத்தைக் காகிதத்தில் பதிக்க வழி காணுமாறு மன்னர் இவரைப் பணித்தார். இவர் கண்ட முறை எளியது, அழகியது. பக்கத்தின் மேற்புறம் இசைக் குறிப்பு இருக்கும். கீழே ஒரு நீண்ட கோடு. ஆடுபவர் தரையில் செல்லும் பாதை அது. கோட்டின் இரு பக்கமும் வலக்கால், இடக்கால் அசைவுகள். முழங்காலை மடக்க, எழ, குதிக்க, சுழல என்று தனித்தனிக் குறிகள். குறுக்கே வரும் சிறு கோடுகள் தாளக்கணக்கைக் காட்டும். இவ்வாறு ஐந்து தொகுதிகள் எழுதினார், ஆனால் அச்சிடவில்லை.

1700-இல் ஃபெயே என்ற நடன ஆசிரியர் அம்முறையைத் தம் பெயரில் நூலாக வெளியிட்டார். 1704-இல் முதியவர் போஷான் அரச மன்றத்தில் முறையிட்டார். முறையைக் கண்டவர் போஷானே என மன்றம் ஏற்றது. ஆனால் அச்சிடும் உரிமை ஃபெயேயிடமே இருந்தது, இழப்பீடும் கிடைக்கவில்லை. மறு ஆண்டே போஷான் காலமானார். அவருடைய ஐந்து தொகுதிகளும் கிடைக்கவில்லை.

ஆனால் அம்முறையில் பிறர் எழுதிய முந்நூறுக்கும் மேற்பட்ட நடனங்கள் நிலைத்தன. இருபதாம் நூற்றாண்டில் அறிஞர்கள் அந்த ஏடுகளைப் படித்து, அடிமேல் அடி வைத்துப் பழகினார்கள். கை அசைவுகள் பெரும்பாலும் அதில் இல்லை. அவற்றை அக்காலத்து வேறு நூல்களில் தேடினார்கள். 1987-இல் 'ஆதிஸ்' என்னும் பழைய இசை நாடகம் பாரிசில் மேடையேறியபோது, பிரான்சின் லான்சலோ என்ற பெண்மணி அந்தப் பழைய நடன முறையிலேயே ஆட்டங்களை அமைத்தார். முந்நூறு ஆண்டுகள் உறங்கிய காலடிகள் விழித்தன!

ஃபெயே அச்சிட்டிராவிட்டால் அம்முறையே அழிந்திருக்கலாம். ஆயினும் கண்டவர் பெயரைச் சொல்லாதது பிழையே. இன்று அறிஞர்கள் இருவர் பெயரையும் சேர்த்தே அம்முறையை அழைக்கிறார்கள். நாம் அறிந்ததைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் பிறருக்கு வழங்குவோம். பிறர் உழைப்பை எடுத்தாளும்போது அவர் பெயரை மறவாது சொல்வோம்.

- மாணவி, பத்தாம் வகுப்பு