இராபர்ட் புரூஸ் ஃபூட்

இராபர்ட் புரூஸ் ஃபூட் (செப்டம்பர் 22, 1834 – டிசம்பர் 29, 1912) பிரித்தானிய நிலவியலாளரும் தொல்லியலாளரும் ஆவார். இவர் இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என அழைக்கப்படுகிறார். தென் தமிழகத்தின் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளை நிலவியல் நோக்கில் விளக்கிய முன்னோடிகளுள் ஒருவர். சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் வாழ்ந்தவர்.

வாழ்க்கை

ஃபூட் இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் பிறந்தார். 1858 ஆம் ஆண்டு தமது 24 ஆவது வயதில் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். வில்லியம் கிங்குடன் இணைந்து சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் பாறை அமைப்பை ஆராய்ந்தார். இவ்வாய்வு 1864 இல் வெளியானது.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார் இவருடைய மாமனார் ஆவார். பெர்சிவல் 1882 இல் ஏற்காட்டில் காலமானார்.

தொல்பழங்காலக் கண்டுபிடிப்புகள்

1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் பழைய கற்காலக் கல்லாயுதம் ஒன்றை ஃபூட் கண்டெடுத்தார். இந்தியாவில் மனித வாழ்வின் தொன்மையை இது பெரிதும் பின்னுக்குக் கொண்டு சென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் கொற்றலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார். அவ்விடத்துக் கருவிகளுள் பழமையானவை சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011 இல் வெளியான ஆய்வு காட்டியது.

தேரி மணல் ஆய்வு

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் குறித்த ஃபூட்டின் அறிக்கை 1883 இல் வெளியானது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டாரங்களில் பரந்துள்ள தேரிகள் காற்றால் உருவானவை என அதில் அவர் விளக்கினார். மேற்கேயுள்ள செம்மண் நிலத்தின் மேற்பரப்பைத் தென்மேற்குப் பருவக்காற்று அரித்து, மணலைக் கடற்கரை நோக்கிக் கொண்டுவந்து குவிக்கிறது என்பது அவருடைய கருத்தாகும். பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்தபோது வெளிப்பட்ட கடலடி மணலும் இதற்கு மூலமாகலாம் எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் கருதினர்.

மணல் மேட்டின் காற்று வீசும் பக்கம் அரிக்கப்பட்டு, அம்மணல் மறுபக்கச் சரிவில் விழுவதால் மேடு முழுவதுமே நகர்கிறது. தடுக்கத் தாவரம் இல்லாவிடில் விளைநிலம், பாதை, கிணறு ஆகியவை மூடப்படும். இந்நகர்வை அறிய, மேட்டின் விளிம்பு இருந்த இடத்தை வெவ்வேறு காலங்களில் குறித்து ஒப்பிட வேண்டும். ஆகவே இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் பழைய கள ஆய்வுகள் இன்றும் பயன்படுகின்றன. மணல் துகள்களின் இயக்கத்தைக் காற்றுச் சுரங்கத்தில் அளந்து ரால்ஃப் பேக்னால்டு எழுதிய நூல் 1941 இல் வெளியானது. இராசத்தானில் மணல் மேடுகளை மரம் நட்டு நிலைநிறுத்தும் பணியைச் சோத்பூரிலுள்ள மத்திய வறள்நில ஆய்வு நிறுவனம் மேற்கொண்டது. தேரிகளில் பனை, முந்திரி, உடை ஆகிய மரங்கள் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன.

நிலத்தை மூடும் அதே காற்று, மணலை அகற்றிப் பழம்பொருட்களை வெளிக்காட்டுவதும் உண்டு. சாயர்புரம் தேரியில் ஃபூட் நுண்கற்கருவிகளைச் சேகரித்தார். 1956 இல் சாய்னர், ஆல்சின் ஆகியோர் தேரிக் கருவிகளை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர்.

பிற்காலம்

1891 இல் ஓய்வுபெற்ற ஃபூட், பரோடா, மைசூர் அரசுகளுக்காகவும் நிலவியல் பணி செய்தார். பின்னர் ஏற்காட்டில் வாழ்ந்து, தாம் சேர்த்த தொல்பொருட்களை வகைப்படுத்தினார். சேர்வராயன் மலையில் கிடைத்த புதிய கற்காலக் கருவிகளும் அவற்றுள் அடங்கும். இத்தொகுப்பை 1904 இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. ஒவ்வொரு பொருளும் கிடைத்த இடத்தைக் கூறும் பட்டியல், அவர் மறைவுக்குப் பின் 1914, 1916 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியானது.

ஃபூட் கல்கத்தாவில் காலமானார். இவருடைய நினைவுச் சின்னம் ஏற்காடு திரித்துவத் தேவாலயத்தில் உள்ளது.