மணலில் அணையிட்ட ஆர்தர் காட்டன்

ஆங்கில அகராதியைப் புரட்டுவோர் அதனுள் 'அனிக்கட்' என்றொரு சொல்லைக் காண்பர். ஆற்றின் குறுக்கே எழுப்பும் தாழ்ந்த அணை என்பது அதன் பொருள். அது வேறெதுவுமன்று, நம் உழவர் வாயில் வழங்கிய அணைக்கட்டு என்னும் தமிழ்ச்சொல்லே வெள்ளையர் நாவில் அவ்வாறு திரிந்தது. இலங்கையிற் சிங்கள மக்கள் அமுண என்று கூறும் சிற்றணைகளையும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் இன்றும் அப்பெயராலேயே தம் ஏடுகளில் எழுதுகின்றனர். கறியும் கட்டுமரமும் ஆங்கிலத்திற் குடியேறிய கதையைப் பலரும் அறிவர். அணைக்கட்டை உலகறியச் செய்தவருள் தலையாயவர் சேர் ஆர்தர் காட்டன். அவர் வாழ்க்கையைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன்.

நெல் விளையாத நோர்வூட்டில் இருந்துகொண்டு வயலையும் வெள்ளத்தையும் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் சிலர் வினவுதல் கூடும். மலையிற் பெய்த மழை ஒரு நாழிகையிற் பெருகி மறு நாழிகையில் இறங்கிவிடும். தேயிலைச் சரிவுகளில் வெட்டிய கான்கள் அதனை வாங்கிக் கழிக்கும். ஆனால் அந்நீர் எங்கே போகின்றது? நம்மூரை ஒட்டி ஓடும் கெசல்கமுவ ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்திலே தங்கி, பின் மஸ்கெலி ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகித் தாழ்நிலத்து வயல்களை நோக்கியே செல்கின்றது. இது நிற்க. நம் முன்னோர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர். கொள்ளிடம் எங்கேயுள்ளது என்று வகுப்பிற் கேட்டால் எவரும் வாய்திறப்பதில்லை. அவர்களுள் ஒரு சிலருடைய பூட்டன்மாருக்கேனும் அது வாசலில் ஓடிய ஆறாக இருந்திருக்கும்.

நெல் நீரை விரும்பும் பயிர். ஆதலின் வெள்ளம் அதனை ஒன்றும் செய்யாது என்று எண்ணுவோர் உளர். வயலிற் கால்வைத்து அறியாதார் கூற்று அது. நட்ட நாற்று வேர்பிடிக்குமுன் வெள்ளம் வந்தால் பயிர் பெயர்ந்து மிதக்கும். வேர்பிடித்த பயிரும் தலைமூழ்கிப் பல நாள் கிடந்தால் அழுகும். பூக்கும் பருவத்து நீர் மூடினால் கதிர் பதராகும். முற்றிய கதிர் சாய்ந்து நீரிற் கிடந்தால் தாளிலேயே முளைவிடும். அதைக் குத்தினால் அரிசியாகாது, வைத்தால் விதையுமாகாது. இவற்றினும் கொடியது மணல். வெள்ளம் வண்டலைக் கொணர்ந்தால் அது செல்வம். கரையை உடைத்துக்கொண்டு மணலைக் கொணர்ந்து வயலை மூடினால், அந்நிலத்தைத் திருத்துவதற்கு ஆண்டுகள் செல்லும். அதுகாறும் குடியானவன் எதை உண்பான்? வரிக்கு எதைக் கட்டுவான்? இவ்வளவும் நடந்து ஆறு மாதம் கழிந்தால் அதே ஆற்றில் குடிக்கவும் நீரிராது. வெள்ளமும் வறட்சியும் பகைவரல்லர், ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை நன்குணர்ந்தவர் காட்டன்.

அவர் 1803ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் இங்கிலாந்திற் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த குடும்பத்திற் பத்தாம் மகன். அடிஸ்கம் என்னுமிடத்தில் இருந்த கும்பினியாரின் படைக் கல்லூரியிற் பயின்று, 1819இற் சென்னைப் பொறியியற் படையிற் சேர்க்கப்பட்டு, 1821இற் சென்னையில் வந்திறங்கினார். பணியின் தொடக்க காலத்தில் அவருக்கு வாய்த்த வேலைகளுள் ஒன்று, பாம்பன் நீர்வழியை அளந்தாய்வது. பிற்காலத்து நம்மவர் பல்லாயிரவர் தோணியேறி மன்னார்க் கரையை நாடிய கடலை அடுத்தது அவ்வழி. பின்னர் 1824 முதல் 1826 வரை நடந்த பர்மியப் போருக்கும் சென்று மீண்டார். போர்க்கள வரலாறு இங்கு வேண்டா. அவர் பெயர் நிற்பது 1828இல் அவர் கையில் ஒப்புவிக்கப்பட்ட காவிரியால்.

அக்காலத்துக் காவிரியின் நிலை இரங்கத்தக்கது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி, வடகிளை கொள்ளிடம். இடையே திருவரங்கத் தீவு. கொள்ளிடம் என்னும் பெயரையே பாருங்கள். மிகுந்த நீரைக் கொள்ளும் இடம் அஃது என்பர். வெள்ளத்தைத் தான் ஏற்றுத் தஞ்சை வயல்களைக் காக்க வேண்டியது அதன் கடன். ஆனால் கொள்ளிடத்தின் படுகை ஆண்டுதோறும் ஆழ்ந்து கொண்டே போக, காவிரியின் படுகை மணலால் மேடிட்டது. வெள்ளத்தை மட்டும் கொள்ள வேண்டிய ஆறு எல்லா நீரையும் கொள்ளத் தொடங்கிவிட்டது. சோறுடைத்து என்று புகழ்பெற்ற நாட்டில் வயல்கள் தரிசாயின. 1804இற் கால்டுவெல் என்னும் படைத்தலைவர் கல்லணையின் மேற் கல்லடுக்கி உயர்த்திப் பார்த்தார். (மொழியறிஞர் கால்டுவெல் வேறு, இவர் வேறு.) அதனால் நோய் தீரவில்லை.

காட்டன் செய்த முதற் செயல் கட்டியதன்று, கற்றது. கரிகாலன் பெயரோடு சேர்த்து வழங்கும் கல்லணையை அவர் ஆராய்ந்தார். மேலைநாட்டுப் பொறியியலார் அணைக்குப் பாறை கண்டே அடித்தளம் இடுவர். காவிரியிலோ தோண்டத் தோண்ட மணல். அம்மணலின்மேற் பல நூற்றாண்டுகளாக ஓர் அணை எவ்வாறு நிற்கின்றது? பெருங்கற்களை ஆற்றிலே இட்டனர் நம் முன்னோர். நீர் கல்லின் அடியை அரிக்க, கல் மணலுட் புதைந்தது, அதன்மேல் வேறு கல்லிட்டனர், அதுவும் இறங்கியது. இனி இறங்காது என்னும் நிலை வந்தபின் அதன்மேற் களிமண்ணும் கல்லுமாகக் கட்டினர். ஆற்றோடு மல்லுக்கு நில்லாமல் ஆற்றின் அரிப்பையே வேலையாளாகக் கொண்ட நுட்பம் இது. ஆழ்ந்த மணலில் அடித்தளம் இடுவதை இந்நாட்டுப் பழையோரிடமே கற்றதாகக் காட்டன் மறையாது எழுதி வைத்தார். அடிமை நாட்டு உழவனை ஆசிரியனாக ஏற்பது ஆளும் இனத்தார்க்கு எளிதன்று. அவருடைய கல்விச் சான்றுகள் எல்லாவற்றினும் இதனையே நான் மேலாக மதிக்கின்றேன்.

அவ்வறிவைக்கொண்டு 1836இற் கொள்ளிடத்தின் தலைப்பில் முக்கொம்பிலே மேலணையும், அதன் கீழ்ப்பகுதியில் இன்று அணைக்கரை என வழங்கும் இடத்திலே கீழணையும் எழுந்தன. மேலணையால் காவிரிக்கு நீர் திரும்பியது. கீழணையால் வீராணம் ஏரி நிறைந்தது. உடனே எல்லாம் இனிதாயிற்று என்று எழுத எனக்கு ஆசைதான். ஆறு அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. முன்பு வற்றிய காவிரியில் இப்போது அளவுக்கு மேல் நீர் புகுந்து கரையை அரிக்கத் தலைப்பட்டது. 1840களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பிற் படுகைக்குக் குறுக்கே தளமிடவும் நேர்ந்தது. மருந்தின் அளவு மிகுந்தால் மருந்தும் நோயாகும் அன்றோ?

இடையில் ஒரு வேடிக்கை. பிற்காலத்தில் இருப்புப்பாதையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் வாதிட்ட இவரே, சென்னைக்கு அருகில் செங்குன்றத்திலிருந்து சாலைக்கு வேண்டிய கல்லைக் கொணர 1837ஐ ஒட்டி ஓர் இருப்புப்பாதை போட்டார். இந்தியாவின் முதல் இருப்புப்பாதை அதுவே என்பர். 1841இல் எலிசபெத் லேர்மந்த் என்னும் மங்கையை மணந்தார். உடல்நலிவு அவரை அடிக்கடி வாட்டியது.

அவரைத் தெய்வமாக்கியது கோதாவரி. நாசிக்கை அடுத்த மலையிற் பிறந்து, கிழக்கு மலைத்தொடரின் இடுக்கில் நெருக்குண்டு வரும் அவ்வாறு, இராஜமுந்திரியை அடைந்ததும் மைல் கணக்கில் விரிந்துவிடும். மலையிலே பெய்த மழையெல்லாம் அந்த வாயில் வழியாகவே வயலுக்கு வரவேண்டும். பருவமழையில் ஊர்கள் மிதக்கும். கோடையிலோ நீர் வயலுக்கு எட்டாத தாழ்வில் ஓடிக் கடலிற் கலக்கும். 1832-33இல் அப்பகுதியைக் கொடிய பஞ்சம் வாட்டியது. 1839இல் கொரிங்காக் கரையிற் புயலோடு கடல் பொங்கி ஊர்களை விழுங்கியது. உவர்நீர் புகுந்த வயல் நன்னீரில் பலமுறை கழுவுண்டாலன்றி விளைவதில்லை; கழுவ நீர் எங்கே? ஊர் ஊராகக் குடிகள் அழிந்துகொண்டிருந்த அந்நாட்டுக்கு 1844இற் காட்டன் அனுப்பப்பட்டார்.

அவர் தீட்டிய திட்டத்துக்கு 1846இல் இசைவு கிடைத்தது. கும்பினியார் இசைந்தது இரக்கத்தால் மட்டுமன்று. நீர் பாய்ந்த நிலம் கூடுதலாக வரி தரும் என்னும் கணக்கும் அதிலிருந்தது. 1847இல் வேலை தொடங்கி 1852இல் முடிந்தது. இடம் தவளேஸ்வரம். அங்கே ஆறு, தீவுகளையும் சேர்த்து, ஏறக்குறைய நான்கு மைல் அகலம். தெலுங்கர் ஆற்றிடைத் தீவை லங்க என்பர். நம் இலங்கையின் பெயரோடு ஒட்டிய சொல். அத்தகைய தீவுகளை இடையிடையே தாங்கலாகக் கொண்டு நான்கு துண்டுகளாக அணை எழுந்தது. உயரம் ஏறத்தாழ 12 அடியே. வெள்ளத்தை மறித்து நிறுத்தும் மதிலன்று அது. பெருவெள்ளம் வந்தால் மேலே ஏறித் தாண்டிச் செல்ல விட்டு, வெள்ளம் தணிந்த காலத்து நீரை மட்டும் உயர்த்தி இருபுறக் கால்வாய்களில் திருப்பும் வாயிற்படி அது. வயலை வெள்ளத்திலிருந்து காக்கக் கரைகள் வேறாக உயர்த்தப்பட்டன. வணங்கி வழிவிடுதலும் ஒரு வலிமைதான் என்பதைக் கல்லணையிற் கற்றவர் அல்லரோ அவர்!

வீணம் வீரன்னா என்னும் தெலுங்கர் அப்பணியில் அவருக்கு உற்ற துணையாய் நின்றார். கல்லுடைத்தும் மணல் சுமந்தும் நீரிலே நின்ற ஆயிரக்கணக்கானோரின் பெயரை எந்த ஏட்டிலும் காணோம். காடாயிருந்த இம்மலைகளிற் காப்பிக்கும் தேயிலைக்கும் மண் வெட்டியவர் பெயரும் அவ்வாறே ஏடேறவில்லை.

அணையின் பயன் இன்று ஏறக்குறைய 10 இலட்சம் ஏக்கர் நிலத்திற் பரந்து கிடக்கின்றது. பஞ்சத்துக்கு இரையான மாவட்டம் பிற மாவட்டங்களுக்கு நெல் அனுப்பும் மாவட்டமாயிற்று. 1861இற் காட்டனுக்குச் சேர் பட்டம் கிடைத்தது.

புகழ் மிகுந்தபின் அவர் சற்று மிகையாகவே கனவு கண்டார் என்பது என் எண்ணம். ஆறுகளையெல்லாம் கால்வாய்களால் இணைத்து நாடு முழுவதும் ஓடம் விடலாம் என்றார். ஒரிசாவிலும், துங்கபத்திரையின் நீரைக் கர்நூல் கடப்பைக்குக் கொண்டுசெல்வதிலும் அவர் ஊக்கத்தால் தனியார் கும்பினிகள் இறங்கிப் பெருநட்டம் அடைந்தன. இறுதியில் இரண்டையும் அரசாங்கமே ஏற்க வேண்டியதாயிற்று. ஒரிசாவிற் பணம் கொடுத்து நீர்வாங்க உழவர் முன்வரவில்லை. கரிசல் நிலத்துப் புன்செய் உழவனுக்கு ஆண்டுதோறும் கால்வாய் நீர் வேண்டியிருக்கவுமில்லை. கழிமுகத்து நெல்லுழவனின் மனத்தை அறிந்தவர் புன்செய்க்காரனின் மனத்தை அவ்வளவு அறியவில்லை போலும்.

ஆயினும் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்த பெரும்பஞ்சம், அவர் வாதத்தின் வேரில் உண்மை இருந்ததைக் காட்டிற்று. இருப்புப்பாதை நெல்லைக் கொணரும், விளைவிக்காது என்பதே அவர் வாதம். 1878இல் இலண்டன் பாராளுமன்றக் குழுவின் முன் அதை எடுத்துரைத்தார். குழு அவர்பக்கம் சாயவில்லை. அப்பஞ்ச காலத்திலேயே தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து மக்கள் திரள்திரளாய் இலங்கைக்குக் கடந்தனர். அவர்தம் வழித்தோன்றல் இம்மலைகளில் இன்றும் உளர்.

முதுமையில் டோர்க்கிங் என்னும் ஊரில் வாழ்ந்தார். தொண்ணூறு அகவையை எட்டும் காலத்தும் தோட்டத்து மண்ணை ஆழக் கிளறிக் கோதுமை விளைச்சலைப் பெருக்கும் சோதனையில் ஈடுபட்டிருந்தார். 1899ஆம் ஆண்டு யூலை 24ஆம் நாள், தம் 96ஆம் அகவையில், அங்கேயே மறைந்தார். மறு ஆண்டு அவர் மகள் ஹோப் சீமாட்டி தந்தையின் வரலாற்றை நூலாக வெளியிட்டார்.

அவருக்குப் பின்னும் ஆறுகள் தம் இயல்பை விடவில்லை. 1924இற் காவிரி பெருகித் தஞ்சை, திருச்சி வயல்களை அழித்தது. அடுத்த ஆண்டே தொடங்கிய மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. 2018 ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு, வெள்ளத்திடையே முக்கொம்பு மேலணையின் கதவுகளுள் ஒன்பது இடிந்து கொள்ளிடத்திற் போயின. அவ்விடத்திற் பின்னர்ப் புதிய கதவணை கட்டப்பட்டது. அதற்குக் கீழே கல்லணை அவ்வெள்ளத்திலும் நின்றது.

தவளேஸ்வரத்துப் பழைய அணைக்கு மாற்றாக 1982இற் புதிய அணை நிறைவெய்தியது. அதற்குக் காட்டன் பெயரையே சூட்டினர். நான்கு ஆண்டு செல்லுமுன், 1986 ஆகஸ்டில், நொடிக்கு 35 இலட்சம் கன அடிக்கு மேற்பட்ட நீர் அதனைக் கடந்தது. கரைகள் பல இடங்களில் உடைந்து கோதாவரி மாவட்டத்து வயல்கள் நீரடியிற் கிடந்தன. அணையை நம்பிக் கரையோரத்தில் நெருங்கிக் குடியிருந்தவரே மிகுந்த இழப்புக்கு ஆளாயினர். நீர் வடிந்தது, மீண்டும் நாற்று விட்டனர். அவ்வூர்களில் நெல்வயலை நோக்கிக் காட்டன் சிலைகள் நிற்கின்றன. ஆண்டுதோறும் மே 15இல் உழவர் அவற்றுக்கு மாலை சூட்டுகின்றனர். கோதாவரியில் நீராடும் அந்தணர் சிலர் சங்கற்பத்தில் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்கின்றனர்.